தம்பியின் மாத்திரைப் பழக்கம்: உள்ளூரிலேயே சிகிச்சை கிடைக்குமா?

‘முதுகுவலிக்கென்று தொடங்கிய டிராமடால் வலி மாத்திரையைத் தம்பியால் விட முடியவில்லை. இரண்டு நாள் நிறுத்தினால் உடம்பு முறிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, வயிறு போகிறது என்று மறுபடி வாங்கிவிடுகிறான். வெளியூர் மையத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். பக்கத்திலேயே வழி இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

இருக்கிறது. பெரும்பாலும் அதுவே மேல். இது பத்து நாளில் முடிகிற சிகிச்சை இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய சின்ன கிளினிக் என்றால்தான் விடாமல் போவார்.

மீட்பு மையங்களின் பெயர்ப்பலகையைத் தேடுவதற்கு முன் அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். அது தூரம் என்றால், குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி யாரிடம் போகலாம் என்று கேளுங்கள். மாத்திரையை முதலில் எழுதிக்கொடுத்தவரே அவராக இருந்தாலும் சரி.

எந்த இடமானாலும் போனிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘புப்ரினார்ஃபின், மெத்தடோன் மாதிரி மருந்து கொடுத்துத் தொடர்ந்து பார்ப்பீர்களா?’ உலகச் சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், ஏக்கத்தையும் உடம்பு முறிச்சலையும் அடக்கும் இவை இரண்டும் 2005இலேயே சேர்ந்துவிட்டன. ‘மருந்தெல்லாம் வேண்டாம், மன உறுதி போதும்’ என்று பதில் வந்தால் நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று வீட்டில் கேட்பார்கள். சரியான அளவில் கொடுத்தால் கிறக்கம் இருக்காது, உடம்பு முறிச்சலும் இருக்காது. ஆள் வேலைக்குப் போவார், தூங்குவார்.

ஒரு எச்சரிக்கை. நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபினை, கொட்டாவி, கண்ணீர், மயிர்க்கூச்சு என்று மாத்திரையை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகள் நன்றாகத் தெரிந்த பிறகே வழக்கமாகத் தொடங்குவார்கள். முந்திக்கொண்டு போட்டால் அதே அவஸ்தை சட்டென்று பல மடங்காகிவிடும். தெரிந்தவரிடம் ஒன்றிரண்டு வாங்கிப் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். ஓபியாய்டுகளின் (டிராமடால் போன்ற அபின் வகை மருந்துகளின்) வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்று இன்னொரு மருந்தும் உண்டு; அதற்கு முன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் ஒத்துவராது.

அறையில் பூட்டிவைத்து நிறுத்த வைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரலாம். திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும் குழப்பமும் வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, சில நாள் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் திறன் குறைந்துவிடுவது. மனம் தடுமாறி ஒருநாள் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். உடம்பைச் சுத்தம் செய்து அனுப்புவதோடு கைகழுவும் மையங்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

அளவு மீறியவருக்கு நின்றுபோகும் மூச்சை மீட்கும் நாலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு, கிடைத்தால் வீட்டில் வையுங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, தட்டினாலும் எழவில்லை என்றால் முதலில் ஆம்புலன்ஸை அழைத்து, அப்புறம் ஸ்ப்ரேயை அடியுங்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். டிராமடாலுக்கு அது முழுதாக வேலை செய்வதில்லை என்பதால் இன்னும் கவனம் தேவை.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. இணையவழிக் கூட்டங்களும் உண்டு. குடும்பத்தாருக்கென்று நார்-அனான் இருக்கிறது. தம்பி வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். மருந்தை விடச் சொல்லி அங்கே யாராவது அறிவுரை சொன்னால் மட்டும் காதில் வாங்காதீர்கள். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

முதல் நாள் போகும்போது காலி மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோங்கள். ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எடுத்தது எப்போது, கூடவே தூக்க மாத்திரையோ மதுவோ உண்டா என்பதைத் தம்பியே சொல்லட்டும். அந்த நேரம் நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தால் உண்மையான எண்ணிக்கை வரும்.