மலிவான வெளிநாட்டுக் கூலியோடு உள்நாட்டு ஆலை மோத முடியுமா? – கேள்வி பதில்

கேள்வி: சார், அங்கே கூலி இங்கே இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். எந்தக் கணக்குப் போட்டாலும் நாம் தோற்றுத்தானே ஆக வேண்டும்?

மணிக் கூலியை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். ஒரு பொருளுக்கு எத்தனை நிமிட உழைப்பு போகிறது என்று பாருங்கள். ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனம் சீனாவில் செய்துவந்த வாட்டர் ஹீட்டரை 2012இல் அமெரிக்காவின் லூயிவில் ஆலைக்குக் கொண்டுவந்தது. வரைபடம் போடுபவர்களும் வெல்டிங் வைப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தபோது, உள்ளே செப்புக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்தன. வடிவத்தையே மாற்றினார்கள். 10 மணி நேரம் பிடித்த அசெம்ப்ளி 2 மணி நேரத்துக்கு வந்தது, விற்பனை விலையும் இறங்கியது. இரண்டு தரப்பும் வெவ்வேறு நாட்டில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: எங்களுடையது உலோகத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் சின்னப் பிரஸ் பட்டறை. எங்கிருந்து தொடங்குவது?

டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அதை மாற்றும் நேரத்திலிருந்து. ஒரு தடவை பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். மிஷின் நின்ற பிறகுதான் ஸ்பேனரைத் தேடப் போவார்கள், அடுத்த டையை எடுக்கப் போவார்கள். இதையெல்லாம் மிஷின் ஓடும்போதே முடித்து வைக்கலாம். அப்புறம், போல்ட்டைப் பாருங்கள். பதினைந்து சுற்று சுற்றினாலும் இறுக்குவது கடைசிச் சுற்று மட்டும்தான். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான், டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேர வேலையை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். டை சீக்கிரம் மாறினால் ஐம்பது பீஸ் ஆர்டரும் கட்டுப்படியாகும். தூரத்து ஆலை அந்த ஆர்டரைத் தொடவே யோசிக்கும்.

கேள்வி: ரோபோ போட்டுவிட்டால்?

அவசரப்படாதீர்கள். ஆட்களைக் குறைத்து ஷூ செய்ய அடிடாஸ் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் திறந்த தானியங்கி ஆலைகளை மூடப்போவதாக 2019இல் அறிவித்தது. வேலை முறையைச் சீர்செய்துவிட்டு மிஷின் வாங்குங்கள்.

கேள்வி: வாங்குபவர் பீஸ் விலையைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லையே, அண்ணா?

நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கப்பல் கட்டணம், சுங்கவரி, கடலில் வாரக்கணக்கில் முடங்கும் பணம் எல்லாம் அந்த விலைக்கு மேல்தான். ரிஜெக்‌ஷனைக் கட்டாயம் சொல்லுங்கள். முதல் கண்டெய்னரைப் பிரித்துக் குறையைக் கண்டுபிடிக்கும்போது, அதே குறையோடு இன்னும் இரண்டு கண்டெய்னர் நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும். உங்களிடம் வாங்கினால் அன்று மாலையே ஃபிக்சரை (பீஸைப் பிடித்து நிறுத்தும் அமைப்பை) திருத்திவிடலாம். 2021இல் சூயஸ் கால்வாயில் ஒரே கப்பல் குறுக்கே சிக்கி 6 நாள் போக்குவரத்தே நின்றதையும் நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: எல்லாப் பொருளிலும் ஜெயிக்கலாமா?

இல்லை. சாதாரண பனியன் மாதிரி லட்சக்கணக்கில் ஒரே மாதிரி தைப்பதில் கஷ்டம். துணி துவளும், மிஷினால் சரியாகப் பிடித்துத் தர முடியாது, கை வேலை குறையாது. அதே தையலில் இரண்டு வாரத்தில் வேண்டும் என்ற ஆர்டர் வந்தால் தைரியமாக எடுங்கள்.