டீசல் லாரியின் டர்போவுக்கு வெப்பக் காப்புப் போர்வை போடலாமா?

போடலாம், ஆனால் டர்போவின் (என்ஜின் புகையால் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி) எந்தப் பகுதிக்கு, அது எந்த நிலையில் இருக்கும்போது என்பதைப் பார்த்தே போட வேண்டும்.

பாரம் ஏற்றிய லாரி சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயை ஏறும்போது, டர்போவில் புகையால் சுழலும் பகுதியான டர்பைனுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றல் அந்தச் சூடான புகையில்தான் இருக்கிறது என்பதால், வெப்பம் வார்ப்பிரும்புக் கூட்டின் வழியே வீணாகாமல் உள்ளேயே நின்றால் டர்போ சற்று விரைவாக வேகமெடுக்கும். இருப்பினும் ஓட்டுநர் உணரும் இழுவை வேறுபாடு சிறியதே என்பது என் கருத்து. அருகிலுள்ள வயரிங்கும் ரப்பர் ஹோஸ்களும் வெந்து போகாமல் இருப்பதே பெரிய பயன்.

போர்வை டர்பைன் கூட்டை மட்டுமே மூட வேண்டும். நடுவில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் பகுதியையும் சேர்த்துச் சுற்றினால், வெளியேற வேண்டிய வெப்பம் அங்கேயே தங்கி, ஆயில் கருகி, தண்டின் மேல் கரும்பொருக்காகப் படிந்துவிடும். இதே காரணத்தால், மேடு ஏறி வந்தவுடன் என்ஜினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விடுவது, போர்வை போட்ட வண்டிக்கு இன்னும் அவசியமாகிறது.

நான் மிகவும் அஞ்சுவது ஆயில் கசிவைத்தான். ஆயில் குழாயின் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல போர்வையின் இழைகளுக்குள் ஊறி, ஒருநாள் தீப்பற்றிவிடும். ஆகவே முதலில் இணைப்புகளை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, வண்டியை ஒரு நடை ஓட்டிவந்து மீண்டும் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை படிந்தால் கசிவைச் சரிசெய்யும் வரை போர்வையைப் போடாதீர்கள். ஏற்கெனவே ஆயில் ஊறிய போர்வையைக் கழுவி மாட்டாமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.