பதினைந்து வயசுப் பிள்ளைக்குக் கொரோனா ஊசி: போடலாமா, பொறுக்கலாமா?

இன்று ஞாயிறு, 2022 ஜனவரி 9. முழு ஊரடங்கு. கிளினிக்குக்கு ஒரே ஒரு காய்ச்சல் கேஸ்தான் வந்தது. ஜனவரி 3ஆம் தேதி 15 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்குக் கோவாக்சின் போட ஆரம்பித்ததிலிருந்து பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர்கூட, சீட்டை மடித்துக்கொண்டு, "அப்புறம் டாக்டர், அந்த ஊசி..." என்று நிற்கிறார். அதனால் இன்று மத்தியானம் முழுக்க இதற்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் பதினொன்றாம் வகுப்பு. போன செவ்வாய்க்கிழமை போட்டாச்சு. ஆக, நான் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா, திண்டுக்கல்): பிள்ளைகளுக்குக் கொரோனா வந்தால் சளி, காய்ச்சலோடு போய்விடுகிறது என்று நீங்களே போன வருஷம் சொன்னீர்கள். அப்புறம் எதற்கு ஊசி?

சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நல்ல ஆரோக்கியமான பதினைந்து வயசுப் பிள்ளை கொரோனாவில் ஐசியு வரை போவது அபூர்வம். இதை மறைத்து உங்களைப் பயமுறுத்தி ஊசி போடவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அபூர்வத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது அலை ஓய்ந்த சமயம், 13 வயசுப் பையன். ஒரு மாதத்துக்கு முன் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா. இவனுக்கு இரண்டு நாள் உடம்பு வலி, அவ்வளவுதான். நான்காவது வாரம் திடீரென்று விடாத காய்ச்சல், கண் இரண்டும் சிவப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்று வலி. அப்பெண்டிக்ஸ் என்று நினைத்துக் கூட்டிவந்தார்கள். பிபி பார்த்தேன், இறங்கிக்கொண்டே போனது. கொரோனா வந்துபோன பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது, எம்ஐஎஸ்-சி என்போம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இம்யூனோகுளோபுலினும் (எதிர்ப்புப் புரத மருந்து) ஸ்டீராய்டும் கொடுத்துப் பத்து நாளில் திரும்பிவந்தான். இப்போது நன்றாக இருக்கிறான்.

முந்தாநாள்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி ஒரு ஆய்வை வெளியிட்டது. 12 முதல் 18 வயதுவரை ஃபைசர் இரண்டு டோஸ் போட்ட பிள்ளைகளுக்கு இந்த எம்ஐஎஸ்-சி வராமல் தடுப்பதில் 91 சதவீதம் பலன். அது ஃபைசர் கணக்கு. கோவாக்சினுக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. எந்த ஊசியானாலும் நோயின் கடுமை குறைந்தால் இதுவும் குறையும் என்பது என் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் என்று சொல்லவில்லை.

கேள்வி (ஒரு அப்பா, சேலம்): வெறும் 525 பிள்ளைகளிடம் சோதித்துவிட்டு நாட்டுக்கே போடுகிறார்கள். எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரே இதை எதிர்த்திருக்கிறாரே?

சார், இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன்.

525 என்பது 2 வயது முதல் 18 வயதுவரை எல்லாரையும் சேர்த்து. வயதை வைத்து மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 12 முதல் 18 வரை சுமார் 175 பேர்தான். அந்த ஆய்வில் கடுமையான பக்கவிளைவு எதுவும் இல்லை. 374 பிள்ளைகளுக்குக் கை வலி, காய்ச்சல் மாதிரி சின்னச் சின்னத் தொந்தரவு. முக்கால்வாசிக்கு மேல் ஒரே நாளில் சரியானது. எதிர்ப்பு சக்தி பெரியவர்களைவிட சராசரியாக 1.7 மடங்கு வந்தது என்று கோவாக்சின் தயாரிக்கும் பாரத் பயோடெக் டிசம்பர் கடைசியில் அறிவித்தது.

இதில் தெரியாதது என்ன? ஐயாயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடிய பக்கவிளைவு 175 பேரில் பெரும்பாலும் தலைகாட்டாது. இது எளிய கணக்கு. அந்த இடத்தில் உங்கள் சந்தேகம் நியாயம்.

பிறகு எந்தத் தைரியத்தில் நான் போட்டேன்? மூன்று விஷயம். முதலாவது, கோவாக்சின் புது வித்தை எதுவும் இல்லை. வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, அதையே ஊசியாகப் போடுவது. போலியோ ஊசியும் (சொட்டு மருந்து இல்லை), நாய் கடித்தால் போடுகிற ஊசியும் இதே முறைதான். இரண்டாவது, ஒரு வருஷமாகப் பெரியவர்களுக்குக் கோடிக்கணக்கில் போட்டாச்சு. 25,800 பேர் கலந்துகொண்ட மூன்றாம் கட்ட ஆய்வும் வெளியாகிவிட்டது. அதில் அறிகுறியோடு வரும் நோயைத் தடுப்பதில் 77.8 சதவீதம் பலன், கடுமையான நோய்க்கு 93.4. இப்போது பரவுகிற புது வகைக் கொரோனாவான ஒமைக்ரானுக்கு முந்தைய கணக்கு என்பதை மறக்க வேண்டாம். மூன்றாவது, பதினாறு வயசு உடம்புக்கும் பத்தொன்பது வயசு உடம்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் ஏதும் இல்லை.

எய்ம்ஸ் மருத்துவர் சஞ்சய் கே. ராய் சொன்னதையும் படித்தேன். அவர் ஊசிக்கு எதிரானவர் இல்லை. அங்கே பெரியவர்களுக்கான கோவாக்சின் ஆய்வை நடத்தியவரே அவர்தான். ஊசி தொற்றைத் தடுப்பதில்லை, பிள்ளைகளுக்கு ஆபத்தும் குறைவு, ஆகவே கிடைக்கும் லாபம் சொற்பம் என்பது அவர் வாதம். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். லாபம் சிறியதுதான். ஆனால் ஒமைக்ரான் பரவுகிற வேகத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் தொற்று வரப்போகிறது. எப்படியும் வரப்போகிற வைரஸை உடம்பு முன்கூட்டியே பழகிக்கொண்டு சந்திப்பது மேல் என்று நினைக்கிறேன். படித்தவர்கள் இரண்டு பேர் ஒரே கணக்கைப் பார்த்து இரண்டு முடிவுக்கு வருவது மருத்துவத்தில் தினம் நடப்பது.

கேள்வி (ஷார்ஜாவிலிருந்து): மகனுக்கு 16. இங்கே ஃபைசரும் சினோஃபார்மும் இருக்கிறது. ஃபைசர் போட்டால் இதயம் வீங்கும் என்று ஊரிலிருந்து அம்மா அழுகிறார்.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஃபைசர், மாடர்னா மாதிரி எம்ஆர்என்ஏ ஊசிகளில், இளவயது ஆண் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் இரண்டாவது டோஸ் போட்ட சில நாட்களுக்குள் இதயத் தசையில் வீக்கம் வருவது உறுதியான விஷயம். பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு. பெரும்பாலானவர்கள் ஓய்வெடுத்துச் சாதாரண மருந்திலேயே தேறிவிடுகிறார்கள். இதை முன்னிட்டுத்தான் ஹாங்காங் பிள்ளைகளுக்கு ஒரு டோஸ் போதும் என்றது. பிரிட்டன் இரண்டு டோஸுக்கும் நடுவில் 12 வாரம் வைத்தது. கொரோனா வந்தாலும் இதே வீக்கம் வரலாம் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சினோஃபார்ம், நம் கோவாக்சின் வகை. என் பையனாக இருந்து இரண்டும் கையில் இருந்தால்? பலன் அதிகம் என்று ஃபைசர் பக்கம் சாய்வேன். அங்கிருக்கும் டாக்டர் சம்மதித்தால் இரண்டாவது டோஸை மூன்று வாரத்தில் போடாமல் கொஞ்சம் தள்ளிவைப்பேன். போட்ட ஒரு வாரம் ஃபுட்பால் வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், படபடப்பு என்று சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி (ஒரு அம்மா, விருதுநகர்): பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஊசி போட்டு ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம். வீடியோ வந்தது.

அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை. ஆனால் போன வாரம் ஒரு முகாமில் உதவிக்குப் போயிருந்தபோது நேரிலேயே பார்த்தேன்.

காலை பதினொன்றரை மணி. வராண்டாவில் வரிசை. ஊசி போடுகிற மேஜையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போட்டிருந்தார்கள். முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. ஒரு பிள்ளை ஊசி போட்டு எழுந்ததும் "கண்ணு இருட்டுது மிஸ்" என்று சரிந்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் ஐந்து பேர். அதில் இரண்டு பேருக்கு இன்னும் ஊசியே போடவில்லை! அவர்கள் வரிசையில் நின்றவர்கள். விசாரித்தால் ஐந்தில் நான்கு பேர் காலையில் ஒரு டீயோடு வந்தவர்கள். படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தோம். எழுந்ததும் மோரும் பிஸ்கட்டும். பத்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் ஜன்னல் வழியாகப் போனில் எடுத்தாச்சு.

பயத்திலும் பசியிலும் வருகிற மயக்கம் ஊசி விஷத்தால் வருவதில்லை. நிஜமான அலர்ஜி வேறு மாதிரி: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல். அது மிக அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வரும். அதற்காகத்தான் அரை மணி உட்காரச் சொல்கிறோம். இட்லியோ பழைய சோறோ, சாப்பிட்டு அனுப்புங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி சார்பில் பேரன் எழுதியது): வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கு இதைப் போட்டால் நாளைக்குக் குழந்தை பிறக்காதாமே?

பாட்டியம்மாவுக்கு வணக்கம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா ஊசி முகாம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டூட்டி. இதே பேச்சுதான் அப்போதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பள்ளி வாசலிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மாதமே முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை இழுத்தது. அன்றைக்கு ஊசி போட்ட பத்து வயசுப் பிள்ளைக்குத்தான் இன்று பதினைந்து. உங்கள் பேத்தியும் அநேகமாக அதைப் போட்டவள்தான். ஒழுங்காக வயசுக்கு வந்தாள்தானே? கோவாக்சினுக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தமில்லை. மாதவிடாய் நாட்களிலும் போடலாம்.

கேள்வி: முகாமில் பாட்டில் தேதி முடிந்திருந்தது, மேலே புது லேபிள் ஒட்டியிருந்தது என்கிறார்களே?

லேபிள் ஒட்டியது நிஜம். கோவாக்சினை 9 மாதம் வைத்திருக்கலாம் என்று இருந்ததை 12 மாதம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபர் 25ஆம் தேதியே நீட்டித்தது. கூடுதல் மாதங்களின் ஆய்வு விவரம் கைக்கு வந்ததும் இப்படி நீட்டிப்பது வழக்கம். அதை அப்போதே ஊரறியச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. சொல்லாதது அவர்கள் தப்பு.

கேள்வி: ஊசி போட்டதும் மூன்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கலாமா?

காய்ச்சலோ தாங்க முடியாத வலியோ இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் வேண்டாம். கோவாக்சினுக்கு மாத்திரை தேவையில்லை என்று கம்பெனியே போன புதன்கிழமை சொல்லிவிட்டது.

வீசிங், வலிப்பு, முட்டை அலர்ஜி என்று தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு

வீசிங் இருந்தால் போடலாம், இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் போடலாம். கோவாக்சினில் முட்டை கிடையாது. இன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் சரியானபின் போடுங்கள். கொரோனா வந்து தேறியிருந்தால் மூன்று மாதம் கழித்து. முன்பு ஏதாவது ஊசிக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறியது என்றால் பள்ளி முகாமில் வேண்டாம், ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். இரண்டாவது டோஸ் 28 நாள் கழித்து.

கேள்வி: மகனுக்கு 15 முடியவில்லை. 2007 டிசம்பரில் பிறந்தவன்.

2007 அல்லது அதற்கு முன் பிறந்தவர் என்பதுதான் விதி. மாதம் பார்ப்பதில்லை. போடலாம். 2008 என்றால் காத்திருங்கள்; வயதை மாற்றிச் சொல்லும் வேலை வேண்டாம்.

கேள்வி (ஒரு அப்பா, ஈரோடு): பள்ளியில் கட்டாயம் என்கிறார்கள். பரீட்சை எழுத விடமாட்டார்களாம்.

இந்த ஊசி விருப்பத்தின் பேரில் போடுவது என்றுதான் மத்திய சுகாதாரத் துறை முதலிலிருந்தே சொல்கிறது. ஊசி நல்லது என்று நம்புகிற நான்கூட, மிரட்டிப் போடவைப்பதை ஏற்க மாட்டேன். ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "யோசித்துச் சொல்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நிஜமாகவே யோசியுங்கள்.

கேள்வி (வயது 17, பெண்): அப்பா வேண்டாம்னு சொல்றார். எனக்குப் போட்டுக்கணும் டாக்டர். வீட்டில் தாத்தாவுக்கு சிஓபிடி, அதான் நாள்பட்ட நுரையீரல் நோய், இருக்கு. பொய் சொல்லிட்டுப் போய்ப் போட்டுக்கலாமா?

பொய் வேண்டாம்மா. நாளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் பழி ஊசி மேல்தான் விழும், அப்புறம் உன் மேல். அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டாயா? என் மகனிடம் பேசியபோது எனக்கே ஒன்று புரிந்தது. பத்து நிமிஷம் நான் ஆன்டிபாடி என்று பாடம் நடத்தினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "வலிக்குமாம்மா, மறுநாள் மேட்ச் இருக்கு." அவனவன் கவலை அவனவனுக்கு. தாத்தாவைப் பற்றி எனக்கு எழுதியதை அப்படியே அப்பாவிடம் சொல். ஆனால் நீ போட்டுக்கொண்டால் தாத்தாவுக்குத் தொற்றாது என்று மட்டும் உறுதி கொடுக்காதே. மாஸ்க்கும் தாத்தாவின் சொந்த ஊசியும்தான் அவருக்கு முதல் காவல். அவர் போட்டாச்சா? அறுபது தாண்டிய இணைநோய்க்காரர்களுக்கு நாளையிலிருந்து மூன்றாவது டோஸ் வருகிறது. இரண்டாவது போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்பாவையும் துணைக்கு அழை. அங்கே செவிலியரிடம் அவரே நாலு கேள்வி கேட்பார்.

கேள்வி: நாளை காலை கிளினிக் உண்டா டாக்டர்?

உண்டு. நாளை எனக்கும் மூன்றாவது ஊசி, அதனால் பதினொன்றுக்கு மேல் வாருங்கள்.