ஸ்னோல ஆடுனதுக்கு ஸாரி சொல்லணுமா?

கேள்வி: நான் லண்டன்ல குரோய்டன் பக்கம் ஒரு பிரைமரி ஸ்கூல்ல ரிசப்ஷன் கிளாஸ் (சின்னப் பிள்ளைங்களோட முதல் கிளாஸ்) டீச்சர், சொந்த ஊர் திருநெல்வேலி. போன வாரம் ஃபோனிக்ஸ் (எழுத்து ஒலிப் பாடம்) நடத்திட்டு இருக்கும்போது ஸ்னோ கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. பசங்க எல்லாம் ஜன்னலுக்கு ஓடிட்டாங்க, நானும் பாடத்த அப்படியே விட்டுட்டு எல்லாரையும் பிளேகிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அரை மணி நேரம் அவங்களோட சேர்ந்து ஆடினேன், நாக்க நீட்டி ஸ்னோ கூட பிடிச்சேன். சாயங்காலம் ஒரு அம்மா வந்து பிள்ளையோட சாக்ஸ் நனைஞ்சிருக்குன்னு சண்டை. கூட வேலை பாக்குறவங்க "இதுல டீச்சர் யாரு, பிள்ளை யாருன்னே தெரியல"ன்னு சொல்லிட்டாங்க. ஊர்ல இருந்து எங்கம்மா போன்ல "காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்லுவா"ன்னு திட்டுறாங்க. நான் பண்ணது தப்பா அக்கா?

பதில்: வெளிய கூட்டிட்டுப் போனது தப்பில்லம்மா. நீங்க ஆடினதும் தப்பில்ல. சாக்ஸ் நனைஞ்சது தப்புதான், அந்த அம்மாகிட்ட அதுக்கு மட்டும் ஸாரி சொல்லுங்க, ஸ்னோவுக்கு சேர்த்து சொல்லிடாதீங்க.

உங்க கூட வேலை பாக்குறவங்களுக்கு லண்டன் ஸ்னோவோட அருமை மறந்து போச்சு போல. மேப்ப எடுத்துப் பாத்தா டொராண்டோவ விட லண்டன் நல்லா வடக்க இருக்கு, 51 டிகிரியத் தாண்டி, ஆனா அட்லாண்டிக் பக்கம் இருந்து வர்ற மேற்குக் காத்து குளிர்காலத்த மிதமாவே வச்சிருக்கு, டெம்பரேச்சர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலயே நின்னுடும், அதனால மேகத்துல ஸ்னோவா கிளம்புறது பாதி நாள் கீழ வர்றதுக்குள்ள மழையாகிடும். அப்படியே விழுந்தாலும் தரையில நிக்கிறது அபூர்வம். உங்க கிளாஸ்ல இருக்கறது 4, 5 வயசுப் பிள்ளைங்க. அதுல பாதிப் பேருக்கு நினைவு தெரிஞ்சு இதுதான் முதல் ஸ்னோவா இருக்கும், அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது. ஃபோனிக்ஸ் நாளைக்கும் இருக்கும்.

சட்டப்படி பாத்தாலும் நீங்க பயப்பட ஒண்ணுமில்ல. இங்கிலாந்துல 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கான இஒய்எஃப்எஸ் (Early Years Foundation Stage) விதிமுறையே தினமும் வெளிய விளையாட விடணும்னுதான் சொல்லுது, வானிலை ஆபத்தா இருக்கற மாதிரி சூழ்நிலைக்கு மட்டும்தான் விலக்கு. புதுசா விழுற மெத்து மெத்துன்னு இருக்கற ஸ்னோ அந்த ஆபத்துல வராது. அடுத்த நாள் காலைல அது உருகி மறுபடி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கும் பாருங்க, அதுதான் வராந்தாவுலயே நிறுத்த வேண்டிய நாள். நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க, விழுற அன்னைக்கு உள்ள பூட்டி வச்சிட்டு மறுநாள் பாவம்னு திறந்து விடுறாங்க, அப்பறம் மண்டை உடையுது.

ஊர்ல இருக்கற உங்கம்மாகிட்ட சொல்லுங்க, சளியும் காய்ச்சலும் வைரஸால வருது, ஸ்னோவால இல்ல. ஜன்னல எல்லாம் சாத்திட்டு 30 பிள்ளைங்க ஒரே ரூம்ல தும்மிட்டு இருக்கறதுதான் பரவ வசதி. (கேக்க மாட்டாங்க, தெரியும். நம்ம ஊர் அம்மாக்களுக்கு மார்கழிப் பனிக்கே மஃப்ளர் வேணும்.) ஆனா ஈரத்தோட குளிர்ல நிக்கிறது வேற கதை, சின்ன உடம்பு சூட்ட சீக்கிரம் இழந்துடும், அதனாலதான் சாக்ஸ் விஷயத்துல நான் அந்த அம்மா பக்கம் பேசுறேன்.

அதுக்கு வழி ரொம்ப சிம்பிள், ஒரு பெட்டி. மாத்து சாக்ஸ், நனையாத மிட்டன்ஸ், நாலஞ்சு டவல், இவ்வளவுதான். கம்பளி கையுறை வேண்டாம், ரெண்டு ஸ்னோபால் பிடிச்சாலே ஊறிப் போயிடும். வெல்லிஸ் (ரப்பர் பூட்ஸ்) இல்லாத பிள்ளைக்கு சாக்ஸ் மேல ஒரு பிளாஸ்டிக் பைய மாட்டி ஷூ போட்டு விடுங்க, பாக்க கேவலமா இருந்தாலும் கால் நனையாது. அரை மணி நேரம் ஒரே மூச்சா வேண்டாம், பத்துப் பதினஞ்சு நிமிஷம் விளையாட விட்டு உள்ள கூட்டிட்டு வந்து மறுபடி விடுங்க. விரல் மரத்துப் போச்சுன்னு அழுதா ரேடியேட்டர் மேல வைக்க விடாதீங்க, மரத்த தோலுக்கு சூடு தெரியாது, வெதுவெதுப்பான தண்ணி போதும்.

அடுத்த தடவை ஒரு கறுப்புச் சார்ட்ட முன்னாடியே வெளிய வச்சு குளிர விடுங்க, ஸ்னோ விழுந்ததும் ஆளுக்கொரு லென்ஸ் குடுங்க. நம்ம லண்டன் ஸ்னோ ஈரம் ஜாஸ்தி, பல படிகம் ஒட்டி கொத்தா விழும், ஸ்னோமேன் பிடிக்க அதான் சுலபமா ஒட்டிக்குது, ஆனா தேடினா ஆறு முனை தெரியற ஒண்ணாவது மாட்டும். அது மழைத்துளி உறைஞ்சு வந்தது இல்ல, நீராவி நேரா ஐஸா மாறி வளர்ந்தது, தண்ணி மூலக்கூறு ஆறாறா கோத்துக்கறதால ஆறு பக்கம். அமெரிக்காவுல வெர்மான்ட்ல வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி 1885லயே ஒத்த ஸ்னோ படிகத்த மைக்ராஸ்கோப் வழியா போட்டோ எடுத்தாரு, சாகறதுக்குள்ள 5000த்துக்கும் மேல எடுத்துட்டாரு. சின்ன வயசுல அந்த ஆசைய கிளப்பின மைக்ராஸ்கோப்ப அவருக்குக் குடுத்தது யாரு தெரியுமா, அவங்கம்மா, முன்னாடி டீச்சரா இருந்தவங்க. இத உங்க சக டீச்சர்கிட்ட டீ குடிக்கும்போது சும்மா சொல்லி வைங்க.

அப்பறம் ஒரு டம்ளர் நிறைய ஸ்னோவ அள்ளி கிளாஸ்குள்ள வைங்க, உருகினா எவ்வளவு தண்ணி வரும்னு பசங்கள கோடு போடச் சொல்லுங்க. முக்கால் டம்ளர்னு கத்துவாங்க. அடில கொஞ்சூண்டு நிக்கும், மத்ததெல்லாம் நடுவுல இருந்த காத்து. விட்டுப்போன ஃபோனிக்ஸுக்கு ஈடா இந்தக் கணக்க வரவு வச்சுக்கோங்க.

நாக்க நீட்டினதுக்கு மட்டும் ஒரு சின்ன ரூல் போடுங்க: மேல இருந்து விழுறது ஓகே, தரையில கிடக்கறது வாய்க்குப் போகக் கூடாது. டீச்சருக்கும் சேர்த்துத்தான். அந்தப் பெட்டிக்கான பணத்த ஹெட் டீச்சர்கிட்ட வெயில் காலத்துலயே கேட்டு வாங்கிடுங்க, ஸ்னோ விழுற அன்னைக்கு அவங்க வேற பத்து போன் பேசிட்டு இருப்பாங்க.