கிரெடிட் கார்டு வசூல்காரர்கள் தினமும் போனில் மிரட்டுகிறார்கள்... என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை பார்க்கிறேன். சம்பளம் 22,000 ரூபாய். போன வருடம் என் கணவருக்கு பைக் விபத்தில் கால் முறிந்து ஆபரேஷன் ஆனது. கையில் பணமில்லாததால் என் கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினேன். சில மாதங்கள் மினிமம் டியூ கட்டினேன். நாலு மாதமாக அதுவும் முடியவில்லை. இப்போது 1,38,000 ரூபாய் பாக்கி என்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் போன் ராத்திரி பத்து வரை நிற்பதில்லை. ஒரு நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் வருகிறார்கள். ஆபீஸ் லேண்ட்லைனுக்கும், கார்டு வாங்கும்போது ரெஃபரன்ஸ் கொடுத்த என் அண்ணிக்கும், ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் பேசி அசிங்கப்படுத்துகிறார்கள். நேற்று 'வக்கீல்' என்று ஒருவர் பேசினார். வாரன்ட் ரெடியாகிவிட்டது, 15,000 ரூபாயை உடனே தன் நம்பருக்கு ஜிபே செய்யாவிட்டால் நாளை போலீஸ் வரும் என்றார். அம்மா தன் மூன்று பவுன் செயினை விற்றுக் கட்டிவிடு என்கிறார். சிம் கார்டை மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். தூக்கமே இல்லை. வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அந்த 15,000 ரூபாயை அனுப்பாதீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு இந்த பாக்கிக்காகப் போலீஸ் வராது. பிடிவாரன்ட்டை எந்த நீதிமன்றமும் வசூல் ஏஜென்ட் மூலமாகப் போனில் சொல்லி அனுப்புவதில்லை. சொந்த நம்பருக்குப் பணம் கேட்டவர் வக்கீல்தானா என்பதே சந்தேகம். ஏஜென்சியில் வேலை செய்பவராகக்கூட இல்லாமல் இருக்கலாம். அவருக்குப் போகும் பணம் உங்கள் கார்டு கணக்கில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. ஏற்கெனவே பயத்தில் ஏதாவது அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கி ஒரு சிவில் விவகாரம். பொய்யான ஆவணம் கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் கதை வேறு. புருஷனின் ஆபரேஷனுக்குச் செலவழித்து, முடிந்தவரை கட்டிவந்து, பிறகு முடியாமல் போனவரைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை. வங்கி போகக்கூடிய அதிகபட்ச தூரம் சிவில் கோர்ட்டோ ஆர்பிட்ரேஷனோதான் (நடுவர் ஒருவரை வைத்து வழக்கைத் தீர்ப்பது). அங்கே உங்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், பணம் கட்டச் சொல்லும் டிக்ரியை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய உத்தரவிடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு நேராகவே சொல்கிறது. சம்பளத்தை ஜப்தி செய்வதற்கும் அதே சட்டத்தின் 60-வது பிரிவில் வரம்பு இருக்கிறது: முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் 22,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க வழியில்லை. அதுவும் கோர்ட் உத்தரவுக்குப் பிறகுதான். போனில் கத்துகிற ஆளுக்கு இதில் எந்த அதிகாரமும் கிடையாது. இதை அம்மாவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்களைவிட அவர்தான் அதிகம் பயந்திருப்பார்.

இந்தப் போன்கள் ஏன் இப்படிக் கூடிக்கொண்டே போகின்றன என்று தெரிந்தால் பாதி நடுக்கம் குறையும். வசூல் தொழிலில் பாக்கியை 'பக்கெட்' என்று பிரிப்பார்கள். 30 நாள் பாக்கி ஒரு பக்கெட், 60 நாள் அடுத்தது, 90 நாள் அதற்கடுத்தது. 90 நாளைத் தாண்டிவிட்டால் அது வங்கியின் ஏட்டில் வாராக்கடன். உங்கள் கணக்கு நாலு மாதம் ஆனதால் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் கணக்கு பெரும்பாலும் வெளி ஏஜென்சிக்குப் போய்விடும். வசூலாகும் தொகையில் கமிஷன், மாதத்துக்கு இவ்வளவு என்று டார்கெட். அதனால்தான் மாதக் கடைசியில் மிரட்டல் உச்சத்துக்குப் போகும். பேசுபவர்களில் பலர் சொற்பச் சம்பளத்துக்கு ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவர்களுடைய டார்கெட்டுக்காக உங்கள் அம்மா ஏச்சு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறானது. 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பாக்கி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது. ஓயாமல் அழைப்பது, மிரட்டுவது, தகாத மெசேஜ் அனுப்புவது, பெயர் சொல்லாமல் பேசுவது, பொய்த் தகவல் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. கடன் வாங்கியவரை ஊரறிய அவமானப்படுத்துவதையும், குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழைவதையும் அது தனியாகக் குறிப்பிட்டே தடுக்கிறது. உங்கள் அண்ணி ஜாமீன் போட்டவர் இல்லை. வெறும் ரெஃபரன்ஸுக்கு அந்தக் கடனில் ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. ஏஜென்ட் செய்த அத்துமீறலுக்கு வங்கியே பதில் சொல்லியாக வேண்டும். 'அது ஏஜென்சிக்காரங்க, எங்களுக்குத் தெரியாது' என்று கிளையில் கைவிரித்தால் ஏற்காதீர்கள்.

சிம்மை மாற்ற வேண்டாம். வங்கியின் மெசேஜ், ஓ.டி.பி., செட்டில்மென்ட் (பாக்கியைப் பேசிக் குறைத்து முடிப்பது) தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். நீங்கள் கிடைக்காவிட்டால் அண்ணிக்கும் அம்மாவுக்கும் வருகிற தொல்லைதான் இரட்டிப்பாகும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் 'தலைமறைவாகிவிட்டார்' என்று எழுதவும் அவர்களுக்குச் சாக்குக் கிடைக்கும்.

ஒரே ஒரு முறை, மனசைத் திடப்படுத்திக்கொண்டு, போனை எடுத்துப் பேசுங்கள். 'உங்க பேரு என்ன, எந்த ஏஜென்சி, எந்த பேங்க் சார்பா பேசறீங்க? பேங்க் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தை மெயில்ல அனுப்புங்க. இந்தப் பேச்சு ரெக்கார்ட் ஆகுது. பாக்கி இருக்குன்னு எனக்குத் தெரியும். இனிமே எதுவா இருந்தாலும் பேங்க் மெயில்ல இருந்து எழுத்துல வரட்டும்.' இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டத்தை விளக்காதீர்கள், கெஞ்சாதீர்கள், திட்டாதீர்கள். 'வெள்ளிக்கிழமை கட்டிடறேன்' என்று போனை வைப்பதற்காக வாக்கும் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு அவர்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை தவறினால் சனிக்கிழமை இரண்டு மடங்கு போன் வரும். அதன் பிறகு தெரியாத எண்களை சைலன்ட்டில் போட்டுவிட்டு, தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அக்கவுன்ட்ஸ் எழுதும் உங்களுக்கு இது கைவந்த வேலை. அம்மாவுக்கும் அண்ணிக்கும் வந்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் வாங்கி வையுங்கள்.

உண்மையான வேலை மெயிலில் இருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியின் குறைதீர் அதிகாரி, நோடல் அதிகாரி ஆகியோரின் மெயில் முகவரி வங்கி இணையதளத்தில் இருக்கும். ஒரே மெயிலில் இரண்டு விஷயம் எழுதுங்கள். முதலாவது, புகார்: எந்தெந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு, யார் யாருக்குப் பேசினார்கள், என்ன சொன்னார்கள். எந்த ஏஜென்சிக்கு என் கணக்கைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மூன்றாம் நபர்களை அழைப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் நிலை: கணவரின் விபத்து, சம்பளம், மாதம் எவ்வளவு கட்ட முடியும். அசல், வட்டி, தாமதக் கட்டணம், ஜி.எஸ்.டி. எனப் பிரித்த கணக்கையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் சம்பள ரசீதும் இணையுங்கள். இந்த மெயிலுக்கு ஒரு பலம் உண்டு. கடன்தாரரின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அதைத் தீர்க்காமல் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்பது 2008-லிருந்தே வங்கிகளுக்கு இருக்கும் விதி. தொடர்ந்து வீண் புகார் கொடுப்பவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு.

30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 2021-ல் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், மன உளைச்சலுக்காக 1 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தரவும் இடம் வைத்தது.

கெட்ட வார்த்தை பேசினாலோ, வீட்டுக்கு ஆள் அனுப்புவேன் என்று மிரட்டினாலோ 30 நாள் காத்திருக்க வேண்டாம். ரெக்கார்டிங்குடன் போலீஸில் புகார் கொடுங்கள். குற்ற மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவும், பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் பேச்சுக்கு 79-வது பிரிவும் இருக்கின்றன. 181 பெண்கள் உதவி எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடனுக்கு வருவோம். தொல்லை நின்றாலும் பாக்கி நிற்காது, அது வளரும். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 1,38,000 ரூபாய்க்கு 4,830 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து மாதம் சுமார் 5,700 ரூபாய், உங்கள் சம்பளத்தில் கால்வாசி. மினிமம் டியூ மட்டும் கட்டி இந்தக் கடனிலிருந்து சீக்கிரம் வெளியே வர முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

அதனால் அம்மாவின் செயின் பற்றி என் கருத்து: விற்க வேண்டாம், ஆனால் அடகு வைக்கும் யோசனையை ஒதுக்கியும் விட வேண்டாம். வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குக் கிடைத்தால், இதே 1,38,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,150 ரூபாய்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிது. ஆனால் செயின் வீட்டை விட்டு வெளியே போவது வங்கியின் எழுத்துப்பூர்வமான செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகுதான். முதலில் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரே தவணை செட்டில்மென்ட் கேளுங்கள். முதலில் சொல்லும் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மாதக் கடைசி டார்கெட் உங்களுக்கும் உதவும். குறைத்துக் கட்டினால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்த சில வருடங்களுக்கு வீட்டுக்கடன் போன்றவை கஷ்டப்படும். இன்றைய நிலையில் அதைவிட உங்கள் தூக்கம் முக்கியம் என்றே நினைக்கிறேன். முழுத்தொகை கட்ட முடிந்தால் 'குளோஸ்டு' என்று வரும்.

செட்டில்மென்ட் கடிதம் வங்கியின் மெயிலிலிருந்தே வர வேண்டும். அதில் கார்டின் கடைசி நான்கு எண்கள், தொகை, கெடு, 'கட்டியபின் பாக்கி எதுவும் இல்லை' என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். பணத்தைக் கார்டு கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள். கட்டிய பிறகு நோ டியூ சான்றிதழ் வாங்காமல் விடாதீர்கள். அது இல்லாததால் பல வருடம் கழித்து வேறொரு ஏஜென்சி அதே பாக்கியைக் கேட்டு வரும் கொடுமை நடக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். 'செக்யூரிட்டிக்கு ஒரு செக் கொடுங்க' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்காகும். இப்போது சிவிலாக இருப்பதை உங்கள் கையாலேயே மாற்றிக் கொடுக்காதீர்கள். அடுத்து, சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், வங்கி அந்தக் கணக்கிலிருந்தே பாக்கியைப் பிடிக்க வாய்ப்புண்டு. சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்காக மேனேஜரிடம் பேசும்போதே, லேண்ட்லைனுக்கு வரும் போன்களைப் பற்றியும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக் கடன் என்று உங்கள் வாயிலிருந்து கேட்டால் அவருக்கும் புரியும்.

போன் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம் என்றேனே தவிர, தபாலில் வரும் நோட்டீஸை அலட்சியப்படுத்தாதீர்கள். கோர்ட் சம்மன், ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் போயாக வேண்டும். போகாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே உத்தரவு வரும். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் போய் வாருங்கள். அங்கே நீங்கள் சம்மதிக்காமல் எதுவும் முடிவாகாது. பல நேரம் நல்ல செட்டில்மென்ட் அங்கேதான் கிடைக்கும். இதற்கெல்லாம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று கவலைப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்து கேளுங்கள், அல்லது திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டுகள், வங்கிக்கு அனுப்பிய மெயிலின் பிரதி, போன் விவரம் எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அண்ணியையும் துணைக்கு அழைத்துப் போங்கள். அவருக்கு வந்த அழைப்புகளைப் பற்றி அவரே சொல்வதுதான் நல்லது.