அரிய கிருமியைப் படிக்க விரும்பும் மகள்: அல்சூர் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

"டாக்டர்களே அபூர்வமாகப் பார்க்கிற கிருமியைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று அன்று நீங்கள் கேட்டபோது நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதை இப்போது முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் மகள் கைப்பேசியில் காட்டிய படம் நினைவிருக்கும்: கிருமியை வளர்க்கும் கல்ச்சர் தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் பளபளத்த புள்ளிகள். அது குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியா. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் இது மனிதரைத் தொற்றுவது அரிது. தொற்றினாலோ காயத்தின் வழியே இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி, உயிரையே பறிக்கக்கூடும். அந்த ஊதா நிறம்தான் கொடுமைக்குக் காரணம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் நிறமே இல்லாத வகைகளும் நோயை உண்டாக்கியிருக்கின்றன. ஊசிபோன்ற ஓர் அமைப்பால் நம் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துவதே அதன் முக்கிய ஆயுதம். நோய்க்கு ஒரு மரபணுதான் காரணம் என்று காட்ட, அதை நீக்கினால் நோயூட்டும் திறன் குறைய வேண்டும், திரும்ப வைத்தால் அத்திறன் மீள வேண்டும் என்ற நெறியை நுண்ணுயிரியல் அறிஞர் ஸ்டான்லி ஃபால்கோ 1988இல் வகுத்தார். இப்படிச் சோதித்துப் பழகிய கை, நாளை காசநோய்க் கிருமியிலும், நிமோனியா போன்ற தொற்றுகளை உண்டாக்கும் கிளெப்சியெல்லாவிலும், தடுப்பூசி ஆய்விலும் வேலை செய்யும். ஆகவே அவள் கற்கப்போவது ஒரு கிருமியை மட்டுமன்று.

"அரிது" என்ற சொல்லையும் நான் அப்படியே ஏற்பதில்லை. உடுப்பி, மங்களூர்ப் பகுதியில் மழைக்காலத்தில், பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்று தவறாக அடையாளம் கண்டுவிடும் ஆய்வகங்கள் உண்டு. அடையாளம் தெரியாததால் அரிதாகத் தோன்றும் நோய்களுக்குத்தான் இவளைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. மெலியாய்டோசிஸ் கிருமியை வளர்த்துச் செய்யும் ஆய்வுக்கு ஆபத்தான கிருமிகளைக் கையாள்வதற்கென்று அமைத்த உயிர்ப்பாதுகாப்பு நிலை 3 ஆய்வகம் வேண்டும். அந்த வசதியும் முறையான பயிற்சியும் இல்லாத இடத்தில் அவள் சேரக் கூடாது.

வழியைப் பொறுத்தவரை, பி.எஸ்சி.யோடு நின்றால் இத்துறையில் ஆய்வு வேலை கிடைப்பது கடினம். பிப்ரவரியில் நடக்கும், முதுநிலைப் படிப்புகளுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதினால் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி. முடித்து தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் தொடக்க உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை ஆலோசனை சொல்வதே அவள் ஆசையென்றால், பாதை வேறு: எம்.பி.பி.எஸ்., பிறகு நுண்ணுயிரியலில் எம்.டி. இதை அவளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரே நோயாளியிடமிருந்து கிடைத்த ஒற்றைக் கல்ச்சரை நம்பி ஐந்தாண்டு ஆய்வில் இறங்குவதை மட்டும் நான் எதிர்ப்பேன். வழிகாட்டியைச் சந்திக்கும்போது, உறைபெட்டியில் எத்தனை நோயாளிகளின் கல்ச்சர்கள் சேமித்திருக்கின்றன, மரபணு நீக்கும் முறை அங்கே கைவசம் இருக்கிறதா என்று அவளே கேட்கட்டும்.