தொலைநோக்கி ஆடியின் வளைவு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட குழியாடி ஒன்றை வீட்டிலேயே தேய்த்து, சீரியம் ஆக்சைடால் மெருகேற்றியிருக்கிறேன். கத்தி முனைச் சோதனையில் (விளக்கொளி ஆடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தைக் கத்தி விளிம்பால் கண்டறியும் முறை) அந்த இடத்தில் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் இடையே 1.9 மி.மீ. வேறுபாடு வருகிறது, கணக்குப்படி 1.17 மி.மீ. தான் வரவேண்டும். விளிம்பும் சற்றே சரிந்திருப்பதாகத் தோன்றுகிறது. மீண்டும் எமரித் தூளிலிருந்து (கண்ணாடியைத் தேய்க்கும் கரடுமுரடான தூள்) தொடங்க வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். இத்தகைய ஆடியில் கோள வளைவுக்கும், விண்மீன் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவான பரவளையத்துக்கும் உள்ள வேறுபாடே விளிம்பில் சுமார் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தான்; நுண்ணிய எமரியின் ஒரு மணியோ ஏறத்தாழ 10 மைக்ரான் பருமன் உடையது. உங்கள் பிழையைப் போலப் பல மடங்கு ஆழமான குழிகளை அது உண்டாக்கிவிடும்.

ஆடியைத் தொடுமுன் அளவீட்டைச் சரிபாருங்கள். விளக்கு கத்தியோடு சேர்ந்து நகர்கிறதா, ஓரிடத்தில் நிலையாக நிற்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. சேர்ந்து நகர்ந்தால் 1.17 மி.மீ. சரியான இலக்கு, விளக்கு அசையாதிருந்தால் இலக்கு இரட்டித்து 2.34 மி.மீ. ஆகும். அப்படியானால் உங்கள் 1.9 மி.மீ. மிகைத் திருத்தமே (பரவளையத்தைத் தாண்டிப்போன வளைவு) அன்று, இன்னும் திருத்தம் போதவில்லை என்றுதான் பொருள்; இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை நேர் எதிரானது. 1990-இல் விண்ணுக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் ஆடி, சோதனைக் கருவியில் 1.3 மி.மீ. இடைவெளி தவறியதால், விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரான் தட்டையாக, ஆனால் மிக நேர்த்தியாக மெருகேற்றப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அடுத்து வெப்பம். மெருகேற்றும்போது கைச்சூடும் உராய்வும் கண்ணாடியில் ஏறுகின்றன. சன்னல் கண்ணாடி வகையைச் சேர்ந்த தடித்த கண்ணாடி, வெப்பத்தில் குறைவாக விரியும் பைரெக்ஸ் கண்ணாடியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவடையக்கூடியது; ஆகவே வேலையை நிறுத்தியவுடன் எடுத்த அளவை நம்பாதீர்கள். இரவு முழுவதும் தாங்கியில் நிறுத்தி வைத்து, மின்விசிறியை அணைத்து, கதவுகளைச் சாத்தி, விடியற்காலையில் அளந்து பாருங்கள்.

அதன் பிறகும் மிகைத் திருத்தம் இருந்தால், அதாவது நடுப்பகுதி வேண்டியதைவிட ஆழமாகி வளைவு அதிபரவளையமாகியிருந்தால், பிட்ச் தட்டை (தார் போன்ற பிசின் பூசிய மெருகுத் தட்டு) வெந்நீரில் இளக்கி ஆடியோடு நன்றாகப் படிய வையுங்கள். பிறகு விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத, மையத்தின் மேல் மையம் செல்லும் குறுகிய வீச்சுகளால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்திச் சோதித்தபடியே கோள வளைவை நோக்கித் திரும்புங்கள். முழுக் கோளத்தை அடைந்து மறுபடி பரவளையத்துக்குச் செல்வதே, பாதி வழியில் ஒட்டுப்போடுவதைவிட எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

விளிம்புச் சரிவை முதலில் உறுதிசெய்யுங்கள். கத்தி நுழையும்போது ஆடியின் ஓரத்தில் தெரியும் மெல்லிய ஒளிக்கோடு இடமும் வலமும் ஒத்திருந்தால் விளிம்பு நலமாகவே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மறைந்தால் சரிவு உண்டு. நம் டெல்டாவில் இதற்குப் பெரும்பாலும் காரணம் இளகிய பிட்ச் ஆகும். மார்கழியில் காய்ச்சிய பிட்ச், சித்திரை வெயிலில் ஆடியின் ஓரத்தில் புரண்டு எழும்பி விளிம்பைத் தின்றுவிடும். சிறிதளவு ரோசின் சேர்த்து உருக்கினால் அது கெட்டிப்படும். வயலின் வில்லில் பூசும் அதே ரோசின்தான், ஆகவே திருவையாற்றுப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். நீண்ட வீச்சும் ஓரத்தில் கொடுக்கும் அழுத்தமும் மற்ற காரணங்கள். சரிவு கடைசி 2 மி.மீ. அளவில் நின்றுவிட்டால், கறுப்பு வளையம் ஒன்றால் மறைத்துவிடுங்கள்; இழப்பது ஏறத்தாழ 5 சதவீத ஒளி மட்டுமே.

கேள்வி: முதல் முறை தேய்க்கும் நான் பரவளையமாக்காமல் கோள வளைவோடு நிறுத்திக்கொள்ளலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: குவியத் தொலைவைப் பொறுத்தது. 150 மி.மீ. ஆடியில் 1200 மி.மீ. எனில் கோள வளைவின் பிழை, ஏற்கத்தக்க எல்லையாகச் சொல்லப்படும் ஒளியின் கால் அலைநீளத்தைத் தொட்டு நிற்கும். 1500 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதில் பாதியாகக் குறைந்துவிடும். முழுமையான கோளமே போதும். குழாய் ஒன்றரை மீட்டர் நீளும், மாடிப்படியில் தூக்கிச் செல்வது சிரமம் என்றாலும், முதல் ஆடிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: அலுமினியம் பூசாமல் சோதிக்க முடியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: முடியும், பூசாமலே சோதிக்கவும் வேண்டும். வெறும் கண்ணாடி திருப்பி அனுப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி கத்தி முனைச் சோதனைக்குத் தாராளம். தை, மாசி இரவுகளில் சிரியஸ் உயரே வரும்போது, ஆடியைக் குழாயில் பொருத்தி, குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அதன் வட்ட உருவங்களை ஒப்பிடுங்கள். அவை ஒன்றுபோல் இருந்தால் பூச்சுக்கு அனுப்பலாம். அகத்தியர் விண்மீன் நம் ஊரில் தாழ்வாகவே நிற்பதால் காற்றின் கலக்கம் மிகுதி. அதைக் கொண்டு தீர்ப்பளிக்காதீர்கள்.